தனகோட்டி அம்மாள் நோட்டு

முக்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, சுவர்க் கடிகாரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார் குமாஸ்தா அனந்தய்யா. கீழே, குடையை நீட்டியபடி வக்கீல் சிவசங்கர முதலியார்.

"எறங்கும் ஓய்! சர்க்கார் உத்தரவு. இன்னியிலேருந்து கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளணும்."

"பேடா சார், பேடா! சூரியனுக்கு யாரு சார் நோட்டீஸ் குடுத்தாங்க? முள்ளைத் தள்ளினா ராகு காலம் எல்லாம் தலைகீழாப் போயிடும்."

அவர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் 'வேண்டாம்' என்பது 'பேடா' ஆகிவிடும். நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

யுத்த காலம் அது. நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கச் சொல்லிவிட்டார்கள். பங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்டில், அன்றைக்கு வாயைத் திறந்தவர் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "பழைய டைமா, புது டைமா?" மாதா கோயில் மணி புது டைம். அல்சூர் கோயில் மணி பழைய டைம். இரண்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஆபீசுக்கு இரண்டும் கேட்கும்.

கடைசியில் ராஜி ஆனது. சுவர்க் கடிகாரம் அனந்தய்யா இஷ்டப்படி பழைய டைமில் ஓடும். முதலியாரின் பாக்கெட் கடிகாரம் புது டைமில் ஓடும். இரண்டு பேருக்கும் வெற்றி. தோல்வி யாருக்கு என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

எட்டு மணி நேரத்தை யார் தின்றது?

என் டைப்ரைட்டிங் பரீட்சையைப் பற்றிச் சென்ற வாரம் படித்துவிட்டு, தங்கவயலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு வக்கீல் ஆபீசில் எப்படியம்மா வேலை கொடுத்தார்கள்?" நியாயமான கேள்வி. கொடுத்தவர் வக்கீல் இல்லை. வக்கீலின் மனைவி.

தனகோட்டி அம்மாளுக்குச் சொந்த ஊர் வேலூர். தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரியும். கணக்கில் புலி. என் அப்பா வாத்தியாராக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் ஜட்காவில் வந்து இறங்கி, "உங்க பொண்ணு எஸ்தருக்கு இங்கிலீஷ் டைப் தெரியுமாமே, தமிழ்ல கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

அவருடைய கவலை இது. "எங்க வீட்டுக்காரர் பத்து மணிக்கு ஆபீஸ் போறார். ஆறு மணிக்கு வர்றார். நடுவுல எட்டு மணி நேரம் இருக்கே, அதை யாரு திங்கறா? கேட்டா வேலைங்கறார். என்ன வேலைன்னா ஞாபகம் இல்லைங்கறார். எனக்கு அது தெரியணும்."

முதலியார் நல்ல வக்கீல்தான். சட்டம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒருவர் எதிரில் உட்கார்ந்துவிட்டால் போதும், பேச்சு வழக்கில் தொடங்கி வத்தக்குழம்பில் போய் நிற்கும். அரை மணி கழித்து வந்தவர் எதற்கு வந்தார் என்று இருவருக்குமே மறந்திருக்கும். ஆள் போன பிறகு என்ன பேசினோம் என்பதும் அவருக்கு மறந்துவிடும்.

ஆகவே எனக்கு இரண்டு வேலை. ஒன்று டைப் அடிப்பது. இன்னொன்று, வக்கீலின் நேரத்துக்குக் கணக்கு எழுதுவது. நீளமான பைண்டு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் நானே கோடு போடுவேன். எத்தனை மணிக்கு, எத்தனை மணி வரை, யார், என்ன விஷயம். வலது ஓரத்தில் இரண்டு கட்டம்: 'வேலை', 'பேச்சு'. சாயங்காலம் இரண்டையும் கூட்டி அடியில் எழுத வேண்டும். சனிக்கிழமை அந்த நோட்டு ஜட்காவில் ஏறி தனகோட்டி அம்மாளிடம் போகும். திங்கட்கிழமை திரும்பி வரும்போது பக்கமெல்லாம் சிவப்புப் பென்சிலில் கேள்விக்குறி இருக்கும்.

"எஸ்தரம்மா, கொஞ்சம் இரக்கம் காட்டும்மா," என்பார் முதலியார். "அரை மணி பலாப்பழத்தைப் பத்திப் பேசினதா எழுதியிருக்கே. அதுல கால் மணியாவது வேலையில போடக் கூடாதா?"

"பலாப்பழம் யார் வழக்குல வருது சார்?"

"பேசினாத்தானே ஆள் மனசு தெறக்கும்? மனசு தெறந்தாத்தானே உண்மை வரும்? வழக்குன்னா அதாம்மா."

நான் மசிய மாட்டேன். இருபத்தொரு வயதுத் திமிர். பலாப்பழம் 'பேச்சு'க் கட்டத்திலேயே இருக்கும்.

மாட்டுக்கு யார் சொல்வது?

'பேச்சு'க் கட்டத்தை அதிகம் நிரப்பியவள் முனியம்மா. ஜோகுபாளையத்தில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவன் கட்டிய ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை, கொட்டகை ஓரத்தில் ஒரு முருங்கை மரம். அவ்வளவுதான் அவள் சொத்து. அந்த மனையும் வீடும் தன்னுடையது, அண்ணன் இரவல் குடியிருந்தான் என்று கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். தோற்றால் அவள் மாடுகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அவளுக்காக வாதாடியவர் எங்கள் முதலியார்.

புது டைம் வந்ததும் அதிகம் கஷ்டப்பட்டவளும் அவள்தான். "வெள்ளைக்காரங்க வூட்ல ஆறு மணிக்குப் பால் வரலன்னு திட்றாங்க சாமி. அவங்க ஆறு மணி நம்ம அஞ்சு மணி. இன்னா பண்றது? எம் மாட்டுக்கு யாரு போய் சொல்றது?" என்று முதலியாரிடம் வந்து முறையிட்டாள். அதற்கு அவர் முக்கால் மணி நேரம் யோசனை சொன்னார். 'பேச்சு' என்று எழுதினேன்.

ஒரு மணி நேரம் தொலைந்தது

எங்கள் நோட்டில் எழுதுவதெல்லாம் சுவர்க் கடிகாரப்படி, அதாவது பழைய டைம். கோர்ட்டில் சொல்வது புது டைம். தினமும் கோர்ட்டுக்குப் போய் வாய்தா விவரம் கேட்டு வருபவர் அனந்தய்யா. அவர் புது டைமைக் காதால் கேட்டாலும் கையால் எழுத மாட்டார். கோர்ட்டில் மூன்று மணி என்றால், ஒன்றைக் கழித்து இரண்டு என்று சீட்டில் எழுதிக்கொண்டு வருவார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதுவேன். முதலியார் நோட்டைப் பார்த்து, ஒன்றைக் கூட்டிக்கொண்டு, தன் பாக்கெட் கடிகாரப்படி கிளம்புவார். ஒருவர் கழிப்பார், ஒருவர் கூட்டுவார். கேட்கவே பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதா? மாதக்கணக்கில் ஒரு தவறும் இல்லாமல் நடந்தது.

பிறகு ஒரு நாள், மகளின் பிரசவத்துக்காக அனந்தய்யா மைசூர் போனார். வாய்தா கேட்டு வர நான் போனேன். முனியம்மா வழக்கு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என்றார்கள். திரும்பி வந்து நோட்டில் எழுதினேன்: 'வியாழன், 2 மணி.'

கழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழிப்பது அனந்தய்யாவின் வேலை என்று கைக்குப் பழகிவிட்டது.

வியாழக்கிழமை முதலியார் நோட்டைப் பார்த்தார். இரண்டோடு ஒன்று, மூன்று மணி. "நெறைய நேரம் இருக்கு, உக்காரு முனியம்மா, ரெண்டு பேரும் ஜட்காவுல சேர்ந்தே போயிடலாம்," என்றார். உப்புமா வந்தது, காப்பி வந்தது, பேச்சு வந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை ஆனதும் கிளம்பினார்கள். நான் பேனாவை மையில் தொட்டு, அவர்கள் பேசியதை எழுதி, 'பேச்சு'க் கட்டத்தில் ஐம்பது நிமிஷம் என்று போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் ஜட்கா திரும்பி வந்துவிட்டது. முதலில் முனியம்மா இறங்கினாள்.

"இன்னாமோ சொல்றாங்க எஸ்தரம்மா. ரெண்டு மணிக்கே பேரைக் கூப்ட்டாங்களாம். நாங்க வரலியாம். எக்ஸ்பார்ட்டின்னு சொல்லிட்டாங்களாம். வந்துனுதானே இருந்தோம்?"

எக்ஸ்பார்ட்டி என்றால் ஒரு பக்கம் வராததால் மறுபக்கத்தை மட்டும் கேட்டுக் கொடுக்கும் தீர்ப்பு. வீடு கொழுந்தனுக்கு என்று ஆகிவிட்டது. நான் நோட்டைத் திறந்தேன். என் அழகான கையெழுத்தில் '2 மணி' என்று இருந்தது. நான் செய்த தப்பு இது, ஒரு பால்காரியின் வீட்டை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

முதலியார் நோட்டை வாங்கிப் பார்த்தார். மூடினார். "நீ எழுதினது ரெண்டு. கோர்ட்ல சொன்னதும் ரெண்டு. ஒண்ணைக் கூட்டினவன் நான். அழாதே," என்றார்.

அந்த மாதிரி ஒரு மனிதரை அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீசுகளில் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

உப்புமா சாட்சி

தகுந்த காரணம் காட்டினால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யலாம். மைசூரிலிருந்து ஓடி வந்த அனந்தய்யா, காரணத்தையும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார். "டாக்டர் சர்டிபிகேட் சார். வயித்துவலி, தலைசுத்து, எது வேணுமோ சொல்லுங்க, அரை நாள்ல வரும்."

"என் தலைதானே, சுத்தினதா இருக்கட்டும்," என்றார் முதலியார். என் பெயர் வெளியில் வரக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். கல்யாணமாகாத பெண் கோர்ட்டில் கூண்டேறினாள் என்றால் அல்சூர் முழுவதும் பேசும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த நேரத்துல நீங்க ரெண்டு தட்டு உப்புமா சாப்பிட்டீங்கன்னு நோட்டுல எழுதியிருக்கு சார். தலை சுத்தினவர் ரெண்டு தட்டு சாப்பிடுவாரா? அப்ப நோட்டு பொய்யா?"

அன்று சாயங்காலம், முதல் தடவையாக, தனகோட்டி அம்மாள் ஆபீசுக்கே வந்தார். நடந்ததைக் கேட்டார். அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார்.

"இதுல ஒரு வரி மாத்தினாலும் இத்தனை நாள் நான் படிச்சது எல்லாம் குப்பை. பொண்ணு உள்ளதைச் சொல்லட்டும். நான் கூட வரேன்."

என் அப்பாவிடம் சொன்னேன். "பொய்ச் சத்தியம் பண்ணாதே. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றார்.

நடுவில் யார்?

ஜட்ஜ் ஒரு வெள்ளைக்காரர். சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. துபாஷி ஒருவர் நான் சொல்வதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். தமிழே பாதிதான் வந்தது.

"உங்கள் ஆபீசில் எந்த டைம்?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"பழைய டைம்."

"இந்தக் கோர்ட்டில்?"

"புது டைம்."

"இரண்டுக்கும் நடுவில்?"

"நான்தான் சார்," என்றேன்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நோட்டைக் கேட்டார். வழக்கைக் கூப்பிட்ட நேரத்தில் வக்கீல் எங்கே இருந்தார் என்று அதில் உள்ளதைப் படிக்கச் சொன்னார். நான் மணியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதற்குமேல் இருந்தது என் வாயால் படிக்கக்கூடியதா?

எதிர்க்கட்சி வக்கீல் விடவில்லை. எழுந்து நின்று, கோர்ட்டு நேரத்தில் முதலியார் என்ன கிழித்துக்கொண்டிருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியட்டும், வரி விடாமல் படிக்க வேண்டும் என்றார். முதலியார் தலையைக் குனிந்துகொண்டார். நான் படித்தேன்.

"பன்னிரண்டு நாற்பது முதல் ஒன்றரை வரை. முனியம்மா. உப்புமா, இரண்டு தட்டு. பேச்சு: முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி."

கோர்ட்டே சிரித்தது. துபாஷி கம்பளிப்பூச்சிக்கு இங்கிலீஷில் திணறி, 'கம்பளி போர்த்திய ஒரு சிறிய ஜந்து' என்று சொல்லி வைத்தார். அதற்கு மறுபடியும் சிரித்தார்கள்.

"இன்னும் இருக்கிறதா?" என்றார் ஜட்ஜ்.

"இருக்கு சார். பூச்சிக்குச் சாம்பல் தூவ வேண்டும் என்று வக்கீல் சொன்னது. மரம் நட்டது தன் புருஷன் என்று முனியம்மா சொன்னது. வீடு கட்டிய வருஷம் நட்டதாம். குழி தோண்டக் கொழுந்தனைக் கூப்பிட்டதற்கு, அண்ணன் வீட்டு வேலைக்கும் கூலி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனானாம்."

எதிர்க்கட்சி வக்கீலின் சிரிப்பு அப்படியே நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். தன் மனையில் குழி தோண்ட எவனாவது அண்ணனிடம் கூலி கேட்பானா? முதலியார் மெள்ளத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பேச்சு அவருக்கு அடியோடு மறந்துபோயிருந்தது!

அன்றே தீர்ப்பு ரத்தானது. வழக்கு மறுபடி நடந்தபோது முதலியார் கொழுந்தனைக் கூண்டில் ஏற்றி, முருங்கையைப் பற்றியே அரை நாள் கேட்டார். அவன் முதலில் இல்லை என்றான், பிறகு ஞாபகமில்லை என்றான், கடைசியில் ஆமாம் என்றான். வீடு முனியம்மாவிடமே நின்றது.

தீர்ப்பு வந்த வாரம் நோட்டு திரும்பி வந்தபோது, அந்தப் பழைய ஐம்பது நிமிஷத்தைப் 'பேச்சு'க் கட்டத்தில் அடித்து, 'வேலை'க் கட்டத்துக்கு மாற்றியிருந்தது சிவப்புப் பென்சில். பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் அப்படியே இருந்தது, உப்புமாவுக்கு நேராக. அனந்தய்யா யாரும் சொல்லாமலே முக்காலியில் ஏறிக் கடிகாரத்தைப் புது டைமுக்கு மாற்றினார். அன்று முழுவதும் ஒருவரிடமும் பேசவில்லை, பாவம்.

திரும்பி வந்த ஒரு மணி

யுத்தம் முடிந்தது. சில வாரங்களில் கடிகாரத்தைப் பழையபடி ஒரு மணி நேரம் பின்னே வைக்கச் சொன்னார்கள். அனந்தய்யா கடிகாரத்துக்கு மாலையே போட்டார். முள்ளைப் பதினொன்றிலிருந்து பத்துக்குத் திருப்பிவிட்டு, "நோடி சார், பாருங்க சார், சூரியன் ஜெயிச்சுட்டார்!" என்று கூவினார்.

எனக்கு ஒரே குழப்பம். பத்திலிருந்து பதினொன்று வரை நோட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. மறுபடியும் மணி பத்து. "இந்த ஒரு மணி நேரம் உபரியா நிக்குது சார். யார் பேர்ல எழுதறது?"

முதலியார் கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார். "ஜட்காவைக் கூப்பிடும் ஓய்," என்றார் அனந்தய்யாவிடம். எங்கே என்று சொல்லவில்லை.

அவர் திரும்பி வந்தபோது புதிதாக மாற்றிய கடிகாரத்தில் சரியாகப் பதினொன்று. வெள்ளைக் கோட்டில் பசு நக்கிய ஈரம். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"எழுதிக்கோ எஸ்தரம்மா. பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும், முனியம்மா. அவளோட ஒரு மணி நேரம் நம்மகிட்ட பாக்கி இருந்துது. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டேன்."

"எந்தக் கட்டம் சார்? வேலையா?"

"சேச்சே! சும்மா பேச்சுதான்."

"விஷயம் என்னன்னு எழுத?"

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"முருங்கை மரத்துல இப்ப கம்பளிப்பூச்சி இல்லைன்னு எழுது."

எழுதினேன். ஒரு மணி நேரம், 'பேச்சு'. சனிக்கிழமை நோட்டு போயிற்று. திங்கட்கிழமை வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். அந்த வரிக்கு நேராகச் சிவப்புப் பென்சிலில் 'சரி' என்று இருந்தது. நான் அங்கே வேலை பார்த்த அத்தனை வருஷங்களில், 'பேச்சு'க் கட்டத்தில் தனகோட்டி அம்மாள் 'சரி' போட்டது அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான்.